நிழலும் பழியும்

திருமோகூர்க் காளமேகப் பெருமாளைச் சேவிக்க வரும் அடியார்கள் சக்கரத்தாழ்வார் சந்நிதியில் சற்றுக் கூடுதலாகவே நின்றுவிடுவது வழக்கம். நோய் தீர வேண்டுவோர், வழக்குத் தீர வேண்டுவோர், மணம் கூட வேண்டுவோர் என அங்கு நிற்போரின் வேண்டுதல்கள் பலவாம். ஆயின் அவ்வூரின் பெயரோடு பிணைந்த பழங்கதையில் அந்தச் சக்கரத்துக்கு உரிய வேலை வேறொன்று என்பதை நினைப்போர் சிலரே. பாற்கடலில் எழுந்த அமுதத்தைப் பங்கிட எம்பெருமான் மோகினியாய் எழுந்தருளிய வரலாறே அத்தலத்தின் வரலாறு. சித்திரைப் பெருவிழாவில் வையை வந்த கள்ளழகரும் இராமராயர் மண்டபத்தில் தசாவதாரக் கோலங்கள் காட்டியருளி, மோகினியாய்க் காட்சி தருகிறார். ஆக, மதுரைச் சீமையின் மக்களுக்கு மோகினி புதியவள் அல்லள்.

அந்தப் பந்தியில் நிகழ்ந்ததை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். தேவர் ஒரு வரிசை. அசுரர் ஒரு வரிசை. சுவர்பானு என்னும் அசுரன் தேவ வடிவு கொண்டு, தேவர் வரிசையில் சூரியனுக்கும் சந்திரனுக்கும் அருகே வந்து அமர்ந்தான். அமுதம் அவன் வாயில் விழுந்த அளவிலே அவ்விருவரும் அவனை அடையாளம் கண்டு பெருமானுக்கு உணர்த்தினர். கையிலிருந்த சட்டுவத்தால் அடித்தாள் மோகினி என்பது நம் நாட்டு வழக்கு. சக்கரத்தால் தலையைத் துணித்தான் என்பது பாகவதம். எவ்வாறாயினும், அமுதம் உண்ட தலை அழியவில்லை. இராகு என்னும் பெயரோடு அது வானில் திரிகிறது. தன்னைக் காட்டிக்கொடுத்த இருவரையும் காலந்தோறும் பற்றி விழுங்குகிறது. உடல் இன்மையால் விழுங்கிய ஒளி கழுத்தின் வழியே வெளிப்பட்டுவிடுகிறது. பற்றுதல் என்பதே கிரகணம் என்னும் சொல்லின் பொருள்.

இக்கதையைக் குழந்தைகளுக்குச் சொல்கையில் வஞ்சகனுக்குத் தண்டனை கிடைத்தது என்று முடித்துவிடுகிறோம். ஆனால் தண்டனை பெற்றவன் ஒருமுறைதான் பெற்றான். கண்ட உண்மையைச் சொன்ன இருவரோ இன்றளவும் பெற்றுக்கொண்டே இருக்கிறார்கள். இது என்ன நீதி? சொல்லாதிருந்தால் அவர்களுக்கு ஒரு துன்பமும் இல்லை. பக்கத்தில் அமர்ந்திருப்பவன் யாராயிருந்தால் என்ன, நமக்கு உரிய அமுதம் நமக்குக் கிடைத்துவிட்டது என்று வாளாவிருந்திருக்கலாம். பந்தியில் வேறு தேவர்களும் இருந்தனர் அன்றோ? அவர்களுள் ஒருவருக்கேனும் ஐயம் தோன்றியிராதா? கதை அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அறிந்தவன் சொல்லக் கடமைப்பட்டவனா, சொல்வதால் வரும் துன்பத்தை யார் ஏற்பது என்னும் வினாவை மட்டும் அது நம்முன் வைத்துவிட்டுச் செல்கிறது. கிரகணத்தைப் பற்றி மனிதன் அறிந்ததும் எழுதியதும் அஞ்சியதுமான நீண்ட வரலாறு முழுவதிலும் இந்த வினா இழையோடக் காண்கிறேன்.

அறிவியல் கூறுவதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே சந்திரன் வந்து அதன் நிழல் பூமியில் விழுந்தால் சூரிய கிரகணம். பூமியின் நிழலுக்குள் சந்திரன் புகுந்தால் சந்திர கிரகணம். முன்னது அமாவாசையிலும் பின்னது பௌர்ணமியிலுமே நிகழும். அங்ஙனமாயின் மாதந்தோறும் இரண்டு கிரகணங்கள் ஏன் நிகழவில்லை எனின், சந்திரன் செல்லும் பாதை சூரிய வீதிக்கு ஏறத்தாழ 5 பாகை சாய்ந்திருப்பதே காரணம். அவ்விரு வழிகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகள் இரண்டு. அவற்றின் அருகே அமாவாசையோ பௌர்ணமியோ நேரும்போதுதான் நிழல் தப்பாமல் விழும். அந்தப் புள்ளிகளுக்கு நம் கணிதர் இட்ட பெயர்களே இராகுவும் கேதுவும். இவ்விரண்டையும் சாயாக்கிரகங்கள், அதாவது நிழற்கோள்கள், என்று நம் பஞ்சாங்க மரபே அழைப்பதைக் கவனிக்க வேண்டும். பெருமாள் கோயில்களில் அருகியே காணப்படும் நவக்கிரக சந்நிதி மதுரைக் கூடலழகர் திருக்கோயிலில் உண்டு. அங்கே இராகு கேதுக்களை வலம் வருவோர், பெயர் அளவிலேனும், நிழலைத்தான் வலம் வருகிறார்கள்.

சூரியனின் குறுக்களவு சந்திரனுடையதைப்போல் சுமார் 400 மடங்கு. அதன் தொலைவும் சுமார் 400 மடங்கு. ஆதலால் இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவாகத் தோன்றுகின்றன; சிறியது பெரியதை முழுதும் மறைக்க முடிகிறது. சந்திரனோ ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் வீதம் நம்மைவிட்டு விலகிச் செல்கிறது. பல கோடி ஆண்டுகளுக்குப் பின் முழுச் சூரிய கிரகணம் என்பதே இராது. இந்தப் பொருத்தம் நிலவும் காலத்தில் நாம் பிறந்திருப்பது ஒரு பேறு என்றே எனக்குத் தோன்றும்.

நம் பழம்புலவர்கள் இக்காட்சியைப் பாம்பு மதியைப் பற்றியதாகவே கண்டனர். ஆனால் அவர்கள் அதை எதற்குப் பயன்படுத்தினர் என்பதே சுவையானது. குறுந்தொகைப் பாட்டு ஒன்றில், பாம்பு விழுங்கும் மதியைக் காணும் மண்ணுலகத்தார் அதை விடுவிக்க மாட்டாதவராய் நிற்கும் நிலை, பிரிவால் வாடும் தலைவிக்கு உதவ இயலாத சுற்றத்தின் நிலைக்கு உவமையாகிறது. பார்க்கலாம், உதவ முடியாது! வள்ளுவரோ அலர் அறிவுறுத்தும் அதிகாரத்தில் இதே காட்சியை எடுத்தாள்கிறார். காதலர் கண்டுகொண்டது ஒரு நாளே. ஊரார் பேச்சோ மதியைப் பாம்பு கொண்ட செய்திபோல் எங்கும் பரவிவிட்டது என்கிறாள் தலைவி. கிரகணத்தை வானத்தில் மட்டும் காணாமல், ஊர் வாயிலும் கண்ட பெருமை வள்ளுவருக்கு உரியது. இந்த ஊர்வாய்க்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

மூன்றாவது உவமை நம் பக்கத்தார்க்கு இன்னும் நெருக்கமானது. தை மாதத்தில் அலங்காநல்லூரிலும் பாலமேட்டிலும் காளையின் திமிலைப் பற்றும் இளைஞரைக் காணாதவர் நம்முள் யார்? கலித்தொகையின் முல்லைக்கலியில், ஏறு தழுவும் ஆயன் ஒருவனின் காட்சிக்கு, பால்நிற மதியைப் பாம்பின் பிடியிலிருந்து விடுவிக்கும் நீலநிற வண்ணனாகிய திருமால் உவமையாகிறான். குறுந்தொகையில் எவராலும் இயலாத செயலை முல்லைக்கலியில் எம்பெருமான் செய்கிறான். தொழுவத்தில் நின்று மாடு பிடிப்பவனைப் பார்த்து ஒரு புலவனுக்குக் கிரகணமும் திருமாலும் ஒருங்கே நினைவுக்கு வந்தன என்பது எண்ணி எண்ணி மகிழத்தக்கது.

இனிக் கணிதரிடம் செல்வோம். கி.பி. 499 அளவில் ஆரியபட்டர், சந்திரன் சூரியனை மறைப்பதும் பூமியின் நிழல் சந்திரனை மறைப்பதுமே கிரகணம் என்று தெளிவாக எழுதிவிட்டார். அடுத்த நூற்றாண்டில் வராகமிகிரரும் நிழலே காரணம் என்று விளக்கினார். அதற்கும் ஒரு நூற்றாண்டு கழித்து, 628இல், தம் முப்பதாம் வயதில் பிரம்மகுப்தர் பிராம்மஸ்புட சித்தாந்தம் இயற்றினார். கணிதத்தில் அவர் மேதை. பூச்சியத்தைக் கொண்டு கணக்கிடும் விதிகளை வகுத்தவர். அவர் அந்நூலில் ஆரியபட்டரையும் வராகமிகிரரையும் கடிந்துகொள்கிறார். இராகு காரணம் அன்று என்பது வேதத்துக்கும் ஸ்மிருதிக்கும் உலக வழக்குக்கும் மாறானது. அப்படியாயின் கிரகண காலத்தில் செய்யும் நீராட்டமும் ஜபமும் பயனற்றுப் போய்விடுமே என்பது அவர் வாதம். ஆனால் அதே நூலில் கிரகணத்தைக் கணிக்கும் இடம் வந்ததும் அவர் செய்வது என்ன? பூமி நிழலின் அளவையும் சந்திரனின் அளவையும் கொண்டே கணக்கிடுகிறார். இராகுவின் வாயை அளக்கவில்லை.

1030ஐ ஒட்டி இந்நாட்டைப் பற்றிப் பெருநூல் எழுதிய அல்பிரூனியின் கண்ணில் இது பட்டுவிட்டது. உண்மையை இவ்வளவு துல்லியமாக அறிந்த ஒருவர் ஏன் இப்படி எழுத வேண்டும் என்று அவர் வியக்கிறார், வருந்துகிறார். முடிவில், சாக்ரடீசுக்கு நேர்ந்த கதி தமக்கும் நேருமோ என்ற அச்சமே அவரை இவ்வாறு சொல்லச் செய்திருக்கலாம் என்று ஊகிக்கிறார். மனச்சான்றுக்கு மாறாகப் பேசிவிட்டார் என்பதே அல்பிரூனியின் தீர்ப்பு. அத்தீர்ப்பு சற்றுக் கடுமையானது என்று கருத இடமுண்டு. பெரும்பான்மையோர் நம்பிக்கையை ஒரு நாளில் உடைத்தெறிவது அறிஞனின் வேலை அன்று என்று பிரம்மகுப்தர் எண்ணியிருக்கவும் கூடும். ஆயினும், தாம் மௌனமாய் இருந்திருந்தால் அது ஒன்று. உண்மை சொன்னவரைப் பழித்தார் என்பதுதான் மனத்தை உறுத்துகிறது. அந்தப் பந்தியில், சூரிய சந்திரரைப் பார்த்து வாயை மூடுங்கள் என்று அதட்டிய தேவன் ஒருவன் இருந்தான் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்!

கேரளத்து வடசேரிப் பரமேசுவரர் இதற்கு மாறானவர். நிளை ஆற்றங்கரையில் 50 ஆண்டுகளுக்கும் மேலாகக் கிரகணங்களைக் கண்ணால் கண்டு, பழங்கணக்கு எங்கெங்கே பிழைக்கிறது என்று குறித்து, 1431இல் திருக்கணிதம் என்னும் திருத்தப்பட்ட முறையை அவர் வகுத்தார். முன்னோரை மதித்தார், முன்னோர் கணக்கைத் திருத்தினார். இரண்டும் ஒருவரிடத்தே கூடி வாழ முடியும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

தமிழ்க் கணிதரைப் பற்றியும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வெள்ளி சூரியனைக் கடக்கும் காட்சியைக் காண்பதற்காகப் புதுச்சேரியில் தங்கியிருந்த பிரெஞ்சு வானியலார் லெ ழாந்தீல், 1769 ஜூன் மாதத்தில் அந்நாள் வந்தபோது மேகத்தால் ஒன்றும் காணாமல் ஏமாந்தார். ஆனால் அவ்வூரில் அவருக்கு வேறொரு பேறு கிட்டியது. தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் கிரகணம் கணிக்கும் முறையை அவர் கற்றறிந்தார். 1765 ஆகஸ்டு 30ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணிதர் கணக்குப் பிழைத்தது 41 விநாடி. ஐரோப்பாவில் அந்நாளில் பெரிதும் போற்றப்பட்ட தோபியாசு மேயரின் அட்டவணைப்படி பிழை 68 விநாடி! அரை நூற்றாண்டுக்குப் பின் அதே புதுச்சேரியில், 1825 மே 31ஆம் நாள் இரவின் சந்திர கிரகணத்தை ஒரு தமிழ்க் கணிதர் சோழிகளைத் தரையில் பரப்பியே கணித்துக் காட்டினார் என்று ஜான் வாரன் என்னும் அதிகாரி எழுதி வைத்தார். அட்டவணைகள் யாவும் சொற்களாகவும் அசைகளாகவும் அவர் நெஞ்சில் மனப்பாடமாய் இருந்தன. அக்கணக்கில் கிரகணத்தின் தொடக்கம் சில நிமிடங்களே பிழைத்தது. அந்தக் கணக்கின் காரணம் யாது என்பதோ அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் விருப்பமும் இல்லை என்பது வாரனின் குறிப்பு.

இந்தக் குறிப்பைப் படித்தவுடன் சிலர் நகைப்பர், சிலர் வெகுள்வர். இரண்டுக்கும் இடமில்லை. காரணம் அறியாமலே பயனைக் காத்து, தந்தையிடமிருந்து மகனுக்கென்று வாய்மொழியாகப் பல தலைமுறைகள் ஒப்படைத்து வந்த நேர்மை பெரிது. ஆனால் அதன் விலையும் பெரிது. எப்போது நிகழும் என்பது நம்மிடம் நின்றது; ஏன் நிகழ்கிறது என்பது நழுவிற்று. நிழல் என்னும் அறிவு ஏட்டில் உறங்க, பாம்பு என்னும் அச்சம் வீட்டில் விழித்திருந்தது.

அறிய விழைந்தோர்க்கு அந்த இருளே ஒளியாயிற்று என்பதற்கு நம் தென்னாட்டு மண்ணே சாட்சி. 1868 ஆகஸ்டு 18ஆம் நாள் குண்டூரில் முழுச் சூரிய கிரகணத்தைக் கண்ட ழான்சன், சூரியனின் விளிம்பில் எழும் செந்தழல்களின் ஒளியைப் பகுத்துப் பார்த்தார். அந்தக் கிரகணத்தை ஒட்டிக் கிடைத்த மஞ்சள் கோடு ஒன்றே, மண்ணில் எவரும் அதுவரை அறியாத ஹீலியம் என்னும் தனிமத்தை உணர்த்திற்று. 1871 டிசம்பர் 12ஆம் நாள் முழுநிழல் நீலகிரி, அவினாசி, புதுக்கோட்டை வழியாக யாழ்ப்பாணம் நோக்கிச் சென்றது. மதுரைக்கு வடக்கே, அத்துணை அருகில் அது கடந்தது. அதைக் காணக் கடல் கடந்து வந்தோர் நம்மூர்த் தோப்புகளிலும் மலைமுகடுகளிலும் கருவிகளை நிறுத்திக் காத்திருந்தனர். பின்னர்ப் பழநிமலைத் தொடரில், அந்நாளைய மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த கொடைக்கானலில், சூரியனை ஆராயும் நிலையமும் அமைந்தது. மறைக்கப்பட்ட போதுதான் சூரியனின் ஒளிமுடி நமக்குத் தெரிகிறது என்பது விந்தை அன்றோ?

இனி நம் வீடுகளுக்கு வருவோம். கிரகணம் என்றால் கோயில்களில் திருக்காப்புச் சேர்ப்பர். விட்டபின் புண்யாகவாசனம் செய்து மீண்டும் திறப்பர். 2025 செப்டம்பர் 7ஆம் நாள் இரவு நிகழ்ந்த முழுச் சந்திர கிரகணத்துக்கும் நம் நாட்டுத் திருக்கோயில்கள் பல முன்னதாகவே நடை சாத்தின. வீட்டில் உணவுப் பண்டங்களின்மேல் தர்ப்பை இடுவர், நீராடுவர், தர்ப்பணம் செய்வர், கிரகணம் பற்றும் நட்சத்திரத்தில் பிறந்தவருக்கு நெற்றியில் பட்டம் கட்டுவர். தாம்பாளத்தில் நீர் வார்த்து உலக்கையை நிறுத்தி, அது சாயாமல் நிற்பதைக் காட்டி மகிழ்வாரும் உண்டு. அடி தட்டையாக இழைத்த உலக்கை எந்த நாளிலும் நிற்கும். ஐயமுள்ளோர் நாளைக் காலையிலேயே நிறுத்திப் பார்க்கலாம். சூரியனை வெறுங்கண்ணால் பார்க்கக்கூடாது என்னும் பெரியோர் விதியோ மெய்யானது. கண்ணின் விழித்திரை வலியின்றியே வெந்துபோகும். சந்திர கிரகணத்துக்கு அந்தத் தடையும் இல்லை. குழந்தைகளை மொட்டை மாடிக்கு அழைத்துச் சென்று ஆசை தீரக் காட்டலாம்.

இவற்றுள் பெரும்பாலானவற்றோடு எனக்கு வழக்கில்லை. உண்ணாதிருப்பதும் நீராடுவதும் நாமம் சொல்வதும் ஒருவன் தானே தன்மேல் ஏற்றுக்கொள்ளும் நியமங்கள். வானம் இருளும் அரிய பொழுதில் அற்ப வேலைகளை ஒதுக்கி வைத்து ஆண்டவனை நினைப்பதால் எவருக்கும் குறைவில்லை. நிழலே காரணம் என்று அறிந்தவனும் அதைச் செய்யலாம். பிரம்மகுப்தர் அஞ்சியதுபோல் உண்மை தெரிந்தால் ஜபம் வீணாகிவிடாது. நியமம் பிறர்மேல் பழியாக இறங்கும்போதுதான் வழக்கு எழுகிறது.

பிளவுபட்ட உதட்டோடு ஒரு குழந்தை பிறந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வையைக் கரையிலும் மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூர்களிலும் வாழ்ந்தோர் இத்தகைய ஒரு வீட்டையேனும் அறிந்திருப்பர். முதலில் எழும் கேள்வி, கிரகணத்தன்று நீ என்ன செய்தாய் என்பதே. அருவாள்மணையில் காய் நறுக்கினாயா? ஊசி நூல் எடுத்தாயா? வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாயா? அந்தப் பெண் எண்ணி எண்ணிப் பார்க்கிறாள். ஏதோ ஒரு நாள் ஏதோ ஒன்றை நறுக்கித்தான் இருப்பாள். நறுக்காமல் குடும்பம் உண்பது எப்படி? ஆண்டில் நான்கு கிரகணங்களேனும் உலகில் எங்கேனும் நிகழ்ந்துகொண்டே இருப்பதால், பழி சொல்ல நாள் ஒன்று எப்போதும் அகப்பட்டுவிடும். வள்ளுவர் சொன்ன ஊர்வாய் இதுவே. மதியைப் பாம்பு விழுங்கினாற்போல் அது அவளை விழுங்கும். இராகுவுக்காவது கழுத்து அறுந்திருந்தது, ஊர்வாய்க்கு அதுவும் இல்லை.

மருத்துவம் கூறுவதோ எளியது. கருவில் உதடு உருவாகி ஒன்றுசேர்வது கருவுற்ற நான்காம் வாரத்துக்கும் ஏழாம் வாரத்துக்கும் இடையில். தான் தாயாகப் போவது அவளுக்கே உறுதியாகத் தெரிந்திராத காலம் அது. ஐந்தாம் மாதத்திலோ ஏழாம் மாதத்திலோ வந்த கிரகணம் முன்பே உருவாகிவிட்ட உதட்டை ஒன்றும் செய்ய இயலாது. உலகெங்கும் ஏறத்தாழ 700 பிறப்புகளுக்கு ஒன்று என்ற அளவில் உதடோ அண்ணமோ பிளந்த குழந்தைகள் பிறக்கின்றன; கிரகணம் என்றால் அஞ்சாத நாடுகளிலும் பிறக்கின்றன. மரபுவழியும் தாயின் ஊட்டக்குறைவும் சில மருந்துகளும் புகைப்பழக்கமும் காரணங்களாகக் கூறப்படுகின்றன. அறுவை மருத்துவத்தால் அதைச் செம்மையாகச் சரிசெய்ய முடியும். செய்ய வேண்டியது குழந்தையை மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வது. செய்யப்படுவதோ தாயை விசாரிப்பது.

இங்கேதான் பந்திக் கதை மீண்டும் நம்முன் வந்து நிற்கிறது. அவ்வீட்டில் உண்மை அறிந்தவர் ஒருவரும் இல்லை என்று சொல்ல முடியாது. பள்ளியில் கிரகணப் படம் வரைந்து மதிப்பெண் பெற்ற மைத்துனன் இருக்கிறான். செவிலியர் பயிற்சி பெற்ற உறவினள் இருக்கிறாள். தலையை அசைத்துக்கொண்டு திண்ணையில் அமர்ந்திருக்கும் படித்த பெரியவர் இருக்கிறார். பெரியோர் மனம் நோகும், நமக்கேன் வம்பு என்று அவர்கள் வாளாவிருக்கிறார்கள். அவர்கள் காக்கும் அமைதிக்கு விலை கொடுப்பவர்கள் அவர்கள் அல்லர்; ஓர் இளந்தாய்.

ஒரு வைணவ அன்பர் இங்கே தடை எழுப்பக்கூடும். அறிந்ததை மறைப்பது குற்றமாயின், கண்ணபிரானே சூரியனை மறைத்தான் அல்லனோ? பதினான்காம் நாள் சூரியன் மறைவதற்குள் சயத்திரதனைக் கொல்லாவிடில் தீப்புகுவேன் என்று அருச்சுனன் சூளுரைத்திருந்தான். கண்ணன் சூரியனை மறைத்தான்; பொழுது சாய்ந்தது என்றெண்ணி மறைவிலிருந்து வெளிப்பட்டான் சயத்திரதன்; இருள் விலகியது; அம்பு பாய்ந்தது. ஆழியால் இரவியை மறைத்த இச்செயலைப் பெரியாழ்வாரும் போற்றிப் பாடியுள்ளார். வில்லிபுத்தூரிலிருந்து கூடல்மாநகருக்கு வந்து பாண்டியன் அவையில் பரம்பொருளை நிலைநாட்டிய அவ்வாழ்வார்க்கு இதில் ஐயம் எழவில்லை. எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். கண்ணன் அந்த இருளுக்கு உரிய பழியைப் பிறர் தலையில் வைக்கவில்லை. அடைக்கலம் புகுந்த ஒருவன் உயிரைக் காக்க அதைச் செய்தான். போர் முடிந்தபின் காந்தாரி சபித்தபோது அதைத் தன் தலைமேலேயே ஏற்றுக்கொண்டான். மறைத்தான் என்பதோடு நிறுத்திவிட்டு அதை நம் கோழைத்தனத்துக்கு மேற்கோளாகக் கொள்வது தகாது.

மதுரைக்கு வடகிழக்கே சில காத தொலைவில் உள்ள திருக்கோட்டியூரில் நிகழ்ந்ததை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். எம்பெருமானார் திருவரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்து வந்து, திருக்கோட்டியூர் நம்பியிடம் மறைபொருளைப் பெற்றார். பிறர்க்கு உரைத்தால் நரகம் புகுவாய் என்பது நம்பியின் எச்சரிக்கை. அடுத்து அவர் செய்தது உலகறிந்தது. கோயிலின் மேலேறி நின்று, கேட்க விரும்பியோர் யாவர்க்கும் அதை உரைத்தார். நரகம் தமக்கு ஒருவர்க்கே, நற்கதி பலர்க்கு என்று கணக்கிட்டார். சூரியனும் சந்திரனும் சொன்னதன் விலையைப் பின்னரே அறிந்தனர். எம்பெருமானாரோ விலையை முன்னரே அறிந்து, அதைத் தாமே கொடுக்க ஒப்பிச் சொன்னார். அன்று அவர் சொன்னது முத்திக்குரிய பொருள். கிரகணம் பற்றிய உண்மை அதனோடு ஒப்பிட எளிய பொருள்தான். ஆனால் எளிய பொருளைச் சொல்லவே நமக்கு இத்தனை தயக்கம்! அவர் முன்னே இருந்தது நரகம். நம் முன்னே இருப்பது மாமியாரின் முகச்சுளிப்பு.

பாகவதத்தின் பத்தாம் கந்தத்தில் ஒரு சூரிய கிரகணம் வருகிறது. ஊழிக்காலம் போன்ற இருள் வரப்போகிறது என்பதை மக்கள் முன்னதாகவே அறிந்திருந்தனர் என்று அந்நூல் சொல்கிறது. அறிந்தவர்கள் கதவடைத்துக்கொள்ளவில்லை. பாரத நாட்டின் எத்திசையிலிருந்தும் குருக்ஷேத்திரத்துக்கு நீராடப் புறப்பட்டனர். துவாரகையிலிருந்து கண்ணன் வந்தான். ஆயர்பாடியிலிருந்து நந்தகோபனும் யசோதையும் கோபியரும் வந்தனர். பிரிந்து நெடுங்காலம் ஆனபின் அவர்கள் அவனைக் கண்டது அந்தக் கிரகணத்தால்தான். கண்ணிமைகளைப் படைத்த பிரமனை அப்பெண்கள் நொந்துகொண்டனராம். எந்தப் பெண்ணையும் உள்ளறையில் பூட்டி வைத்ததாக அங்கே பேச்சில்லை.

நம் காலத்திலும் கிரகணம் மக்களைக் கூட்டியதுண்டு. 1980 பிப்ரவரி 16ஆம் நாள் கருநாடகம், ஆந்திரம், ஒரிசா வழியாக முழுச் சூரிய கிரகணம் சென்றபோது நாட்டின் பல நகரங்களில் தெருக்கள் வெறிச்சோடின. முப்பது ஆண்டுகள் கழித்து, 2010 ஜனவரி 15ஆம் நாள் கங்கண கிரகணத்தைக் காணத் தனுஷ்கோடியிலும் கன்னியாகுமரியிலும் திரள்திரளாக மக்கள் நின்றனர். 2019 டிசம்பர் 26ஆம் நாள் காலையில் திண்டுக்கல், புதுக்கோட்டைப் பக்கங்களில் அதே காட்சி மீண்டும் தோன்றியது. இரண்டு முறையும் மதுரை மாநகர் வளையம் தெரியும் பாதையின் ஓரத்தை ஒட்டியே நின்றது. முதன்முறை வடவோரம், அடுத்த முறை தென்னோரம். 2023 மே 5ஆம் நாள் கள்ளழகர் வையையில் இறங்கிய அன்றிரவே பூமியின் புறநிழலுக்குள் சந்திரன் புகுந்து வெளிவந்தது. மங்கல் மிக மெலிதாகையால், ஆற்று மணலில் படுத்து வானைப் பார்த்திருந்தோரும் வேறுபாடு உணர்ந்திரார்.

அடுத்த முறை ஓரம் அன்று. 2031 மே 21ஆம் நாள், வைகாசி மாதத்து அமாவாசையன்று, நண்பகல் கடந்த சிறிது நேரத்தில், கங்கண கிரகணத்தின் பாதை கேரளக் கரையில் ஏறித் தேனி, மதுரை, காரைக்குடி வழியாகக் கீழைக்கடல் நோக்கிச் செல்லும். உச்சிவெயிலில் நகரம் மங்கும். நடுவானத்தில் பொன்வளையம் ஒன்று சில நிமிடம் நிற்கும். அன்று மதுரையில் கருவுற்றிருக்கக்கூடிய பெண்கள் பலர் இன்று பள்ளியிலும் கல்லூரியிலும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுள் சிலர், இம்மலரைப் படிக்கும் உங்கள் வீட்டுப் பெண்களாகவும் இருக்கலாம்.